சொந்தப் பட்டறை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது பழமொழி. மனிதனுடைய பொருளையும் பொறுமையையும் ஒருங்கே சோதிக்கும் செயல்கள் இவ்விரண்டு என்பது அதன் கருத்து. மலேசியத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் இவற்றுள் ஒன்றைப் பலமுறை செய்து பார்த்தனர். கடன் வாங்கியேனும் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தனர். மற்றொன்றைச் செய்து பார்க்கும் வாய்ப்போ, அவர்களுள் பெரும்பாலோர்க்கு மூன்று தலைமுறையாகக் கிட்டவில்லை. லயத்து வீடு நிருவாகத்தினுடையது. குடிக்கும் தண்ணீர் நிருவாகம் விட்ட குழாயில் வந்தது. இரவு விளக்கு தோட்டத்து மின்னாக்கி ஓடும் வரையில் எரிந்தது. அது நின்றதும் லயம் முழுவதும் இருண்டது. கோயிலும் பள்ளியும் ஆயாக் கொட்டகையும் நின்ற மண்ணுங்கூடத் தோட்டத்து மண்ணே. பயன்படுத்தும் உரிமை உண்டு. கட்டும் உரிமை இல்லை. எனவே, கட்டிப் பார்க்கும் சோதனையில் தேறவோ தவறவோ அவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று.

அத்தகைய ஒருவர், தம் வாழ்வின் பிற்பகுதியில் தமக்கென ஒரு பட்டறையைக் கட்டினார். கட்டியது பெரிதன்று, அதைக் கட்டி முடித்ததே பெரிது. அவர் பெயர் இங்கு வேண்டுவதில்லை. நெகிரி செம்பிலானின் லாபு, நீலாய், சிலியாவ், ரந்தாவ், பகாவ் ஆகிய ஊர்ப்புறத் தோட்டங்கள் ஒவ்வொன்றிலும் அவரைப் போன்ற ஒருவர் இருந்திருப்பார். ஸ்டோரில் பிட்டர் வேலை பார்த்தவர் என்றால் தோட்டத்து மக்களுக்கு விளங்கும்.

ரப்பர்ப் பால் உறைந்து கட்டியானதும் அதைத் தகடாக அழுத்தும் ரோலர், பால் ஏற்றி வரும் லாரி, நீரிறைக்கும் பம்பு, மின்னாக்கி ஆகிய எல்லாம் அவர் கைபட்டே ஓடின. புகைக்கூடத்தின் கூரை ஒழுகினாலும், பால் கொட்டகையின் தராசு நின்றாலும், கிராணி வீட்டுச் சன்னல் சாத்த மறுத்தாலும் அவரையே அழைத்தார்கள். உழைப்பில் குறைவில்லை, திறமையிலும் குறைவில்லை. ஆனால், அவர் கையிலிருந்த உளி அவருடையதன்று. சுத்தியலின் பிடியில் தோட்டத்தின் பெயர்க்குறி சுடப்பட்டிருந்தது. மாலையில் கருவிகளை எண்ணிப் பெட்டியில் வைத்து, பட்டறையைப் பூட்டி, சாவியை ஆபீசில் ஒப்படைத்த பின்னரே அவர் லயத்துக்குத் திரும்ப வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் இவ்வாறு சென்றன.

தோட்டத் தொழிலாளி தனக்கென ஒரு நிலம் வாங்கியிருக்கலாகாதா எனப் புதிதாக வருவோர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை நெகிரி செம்பிலானின் மண்ணிலேயே இருக்கின்றது. ‘ஒன்பது நாடுகள்’ என்பது இம்மாநிலப் பெயரின் பொருள். சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் கொணர்ந்த வழக்கப்படி, குலத்துக்குரிய பூர்வீக நிலம் இங்கே தாய்வழியாக மகளிர்க்குச் சேர்கின்றது. அந்நிலம் குலத்தை விட்டு வெளியேறலாகாது என்னும் வழக்கு, 1909ஆம் ஆண்டிலேயே சட்டமாகவும் எழுதப்பட்டது. கோலாப்பிலா, ரெம்பாவ் போன்ற வட்டாரங்களில் அத்தகைய நிலம் மிகுதி. மலாய் ஒதுக்கீட்டு நிலமும் பிறர் வாங்குவதற்குரியதன்று. எஞ்சிய நல்ல நிலத்தில் பெரும்பரப்பைத் தோட்டக் கம்பெனிகள் முன்பே பெற்றிருந்தன. நாட்கூலி பெறும் ஒருவன் எங்கே, எதைக் கொண்டு வாங்குவான்?

நிலம் விலைக்கு வந்த காலமும் ஒன்று உண்டு. நாடு விடுதலை பெறுவதற்குச் சற்று முன்னும் பின்னும் ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். துண்டாடப்பட்ட தோட்டங்களில் வேலை போயிற்று. வேலையோடு வீடும் போயிற்று. அந்நிலையைக் கண்டு துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப்பணம் திரண்டு, கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கத்தின் முதல் உடைமையாக்கியது. பலர் கூடி ஒரு தோட்டத்தை வாங்கலாம் என்பதை அது மெய்ப்பித்தது. எனினும், தனியொருவன் தன் காலடியில் ஒரு துண்டு மண்ணைத் தனதென்று சொல்லும் நாள் பெரும்பாலோர்க்குத் தொலைவிலேயே இருந்தது.

நம் பிட்டருக்கு அந்நாள் ஐம்பத்தைந்தாம் வயதில் வந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ஊழியர் சேமநிதியில் மாதந்தோறும் பிடித்த சிறுதொகை, வேலை ஓய்ந்த அன்று ஒரு முழுத்தொகையாக அவர் கைக்கு வந்தது. அத்தொகை வந்த அதே மாதத்தில், லயத்து வீட்டைக் காலி செய்யுமாறு கடிதமும் வந்தது. இது 1990களின் இறுதியில் நிகழ்ந்தது. சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் எழும்பி 1998இல் திறக்கப்பட்ட காலம். அதையொட்டிய நீலாய், லாபுப் பகுதிகளில் ரப்பர்க் காடுகள் வீடமைப்புத் திட்டங்களாக மாறிக்கொண்டிருந்த காலம். அவர் ரந்தாவுக்கு உட்புறமாக, சீனர் ஒருவருடைய பழைய ரப்பர்க் காட்டில் அரை ஏக்கர் வாங்கினார். கிராண்டில் தம் பெயர் ஏறிய நாளில் அதை மூன்று முறை மடித்து, மூன்று முறையும் பிரித்துப் பார்த்தார்.

நிலம் வாங்கியவுடன் வீடு கட்டுவதே உலக வழக்கம். அவரோ பட்டறையை முதலில் கட்டுவதென்று முடிவு செய்தார். இதனால் குடும்பத்தில் மனத்தாங்கல் எழுந்தது. அப்பொழுது அவர்கள் சிரம்பானில் மகன் எடுத்திருந்த வாடகை வீட்டில் ஒண்டியிருந்தனர்.

“குடியிருக்க நமக்கு ஒரு கூரை இல்லை. இரும்புக்கு வீடு கட்டப் போறீங்களா?” என்று மனைவி கேட்டார்.

“வீட்டுக்குக் கதவும் சன்னலும் செய்ய ஓரிடம் வேணுமே. ஆளைக் கூப்பிட்டுச் செய்தால் காசு அதிலேயே போயிடும்” என்று அவர் விடையிறுத்தார்.

விடை பொருத்தமானதே. ஆனால், முழு உண்மை அதுவன்று. முப்பத்தைந்து ஆண்டு மாலைதோறும் சாவியை ஒப்படைத்த கை, ஒப்படைக்க வேண்டாத ஒரு சாவிக்கு ஏங்கிற்று. அதை மனைவியிடம் சொல்ல அவருக்குச் சொல் கிட்டவில்லை. அம்மையாரும் அதை உணர்ந்தவர் போல், மேற்கொண்டு வாதாடவில்லை.

சொந்த நிலமாயினும் நினைத்ததையெல்லாம் கட்டிவிட முடியாது. நிலம் விவசாய வகையைச் சேர்ந்தது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, அத்தகைய நிலத்தில் உடைமையாளர் குடியிருக்க வீடு கட்டலாம். பயிர்த்தொழிலுக்கு வேண்டிய கட்டடமும் எழுப்பலாம். பிறர் வண்டிகளைப் பழுதுபார்த்துக் கூலி பெறும் பட்டறை என்றால் கதை வேறு. நிலத்தின் வகையையே மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அவர் நில அலுவலகப் படிகளில் ஏறி இறங்கி, இவற்றையெல்லாம் கேட்டறிந்தார். தம் மரவேலைக்கும் தம் நிலத்துக் கருவிகளுக்கும் மட்டும் உரிய கொட்டகையாக அதை அமைத்துக்கொண்டார். அண்டையில் இருந்தவர்க்கு அவ்வளவு உரிமையும் இல்லை. அவர் அரசு நிலத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் பெற்றுக் குடிசை போட்டிருந்தார். அவ்வுரிமம் எந்த மாதத்தில் பெறப்பட்டாலும் அந்த ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்துவிடும். ஒவ்வொரு புத்தாண்டிலும் அது மீண்டும் கிட்ட வேண்டும்.

வேலை தொடங்கியது. இருபது அடி அகலம், முப்பது அடி நீளம். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நாட்டில் காலை வெயிலும் மாலை வெயிலுமே சுவரைச் சுடும். ஆகவே நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்குமாறு மனை குறித்தார். மூலை சரியாக அமைய அவர் கருவியொன்றையும் தேடவில்லை. ஒரு பக்கம் மூன்றடி, மறு பக்கம் நான்கடி அளந்து, இரண்டு முனைகளையும் சேர்க்கும் குறுக்குக் கயிறு ஐந்தடி வந்தால் மூலை நேர்மூலை. பள்ளிக்கூடத்தில் அதற்குத் தேற்றம் என்று பெயர். கொத்தனும் தச்சனும் அதைக் கயிற்றிலேயே படித்தார்கள்.

மேற்குக் கரையில் ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் மழை மிகுதி. விடியற்காலையில் நீரிணையைக் கடந்து சீறி வரும் சுமத்திராக் காற்று தகரக் கூரைகளைப் பெயர்த்து எறிவதும் உண்டு. எனவே தூண்களின் மேல் உத்திரத்தையும், உத்திரத்தின் மேல் கைமரங்களையும் இரும்புப் பட்டையால் பிணைத்தார். சாரல் உள்ளே வாராதவாறு இறவாரத்தை மூன்றடி நீட்டினார். கூரையின் முகட்டில் நீளவாக்கில் ஓர் இடைவெளி விட்டு, அதன்மேல் சிறு கூரையொன்றை உயர்த்தி அமைத்தார். அது தோட்டத்துப் புகைக்கூடம் அவருக்குக் கற்பித்த பாடம். அங்கே புகை வெளியேற அப்படி ஒரு வாய் இருக்கும். இங்கே தகரத்தின் வெக்கை வெளியேற அதே வாய் உதவிற்று. தோட்டம் அவரிடமிருந்து எத்தனையோ பெற்றது. இந்த ஒன்றை அவர் தோட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

நான்கு மாதத்தில் கூரை ஏறிற்று. காண்போர் பட்டறை முடிந்ததென்றே எண்ணினர். அவரும் உள்ளே புகுந்து வேலை செய்யத் தொடங்கினார். ஆனால், தரை மண்தரையாகவே இருந்தது. மூன்று பக்கம் தகரம் அடித்திருந்தது. நான்காம் பக்கத்தில் சாக்குப் படுதா தொங்கிற்று. உள்ளே நின்ற பழைய ரப்பர் மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காமல், அதன் தலையைச் செதுக்கி மட்டமாக்கி, அதன்மேலேயே இடுக்கியைப் பொருத்தியிருந்தார். வேலை நடக்கத்தானே செய்கிறது என்பது அவர் சொன்ன காரணம். இந்நிலையில் இரண்டாண்டுகள் கடந்தன. பலகை இருந்தது, சிமெண்டுக்குப் பணமும் ஓரளவு இருந்தது, ஓய்வும் இருந்தது. ஆயினும் பட்டறை முடியவில்லை.

கட்டட வேலையின் இயல்பை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. முக்கால் பங்கு வேலை, கண்முன்னே வளர்வதால் ஊக்கம் தந்து விரைவில் முடிந்துவிடும். எஞ்சிய கால் பங்கோ கண்ணுக்குத் தெரியாத வேலை. தரை, வடிகால், கதவு, தாழ்ப்பாள், சாயம் என்று அது சிறுசிறு துண்டுகளாகக் கிடக்கும். ஒன்றையும் இன்றே செய்ய வேண்டுமென்ற நெருக்கடி இல்லை. அதனாலேயே எதுவும் நடவாது. ஆனால், நம் பிட்டரின் தயக்கத்துக்கு இதனினும் ஆழமான வேர் ஒன்று இருந்தது. அதை அவரும் அறியவில்லை. அதைக் கண்டவர் அவருடைய மகன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்த மகன், தூண்களையும் உத்திரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கும் ஆணியில்லை, எல்லாம் போல்ட்டும் நட்டுமாக இருந்தன. தூண்கள் மண்ணில் புதையாமல், கல்மேல் வைத்த இரும்புப் பாதத்தில் நின்றன. தகரங்கள் கழற்றக்கூடிய கொக்கிகளால் மாட்டப்பட்டிருந்தன.

“அப்பா, இதைக் கழற்றிக்கிட்டு நாம எங்கே போகப் போறோம்?” என்று அவர் கேட்டார்.

தந்தை விடை கூறவில்லை. போல்ட் போட்டால் மரம் பிளக்காது என்று மட்டும் முணுமுணுத்தார். அதுவும் உண்மைதான். எனினும் அன்று இரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

பிறர் மண்ணில் வாழ்ந்தவன், கட்டும்போதே கழற்றுவதற்கும் வழி செய்துகொண்டு கட்டுகின்றான். அவன் லயத்துக்குப் பின்னால் போடும் கோழிக்கூண்டு நான்கு பேர் தூக்கிச் செல்லும்படி இருக்கும். வாழையும் முருங்கையும் நடுவான்; ஆண்டுகள் கழித்துக் காய்க்கும் மரத்தை நடத் தயங்குவான். துரை மாறலாம், தோட்டம் கைமாறலாம், கடிதம் வரலாம். இந்த எண்ணம் மூன்று தலைமுறை கழிந்தபின் எண்ணமாக இராது, கைப்பழக்கமாகிவிடும். கிராண்டில் பெயர் ஏறிவிட்டது. கைக்கு அது இன்னும் எட்டவில்லை. அவர் தம் சொந்த மண்ணில், இரவல் மண்ணில் கட்டுவது போலவே கட்டியிருந்தார். மண்தரையை விட்டுவைத்ததும் அதனாலேயே. தூணைக் கழற்றலாம், தகரத்தைச் சுருட்டலாம், இடுக்கியைத் தூக்கிச் செல்லலாம். தரையை எடுத்துச் செல்ல முடியாது.

கழற்றி அமைப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. கோலாப்பிலா வட்டாரத்தில் ஸ்ரீ மெனாந்தி அரண்மனை இருக்கின்றது. 1902இல் தொடங்கி 1908இல் முடிந்த அம்மர அரண்மனையில் தூண்கள் தொண்ணூற்றொன்பது. இரும்பாணி ஒன்றும் அடியாமல், மரத்தை மரத்தோடு பொருத்தியே அதை எழுப்பினர். இந்நாட்டு மலாய் மக்களின் மரபுவழி வீடுகளையும் பகுதி பகுதியாகப் பிரித்து வேறிடத்தில் எழுப்புவதுண்டு. வீட்டைப் பெயர்த்தாலும் அவர்கள் மண் பெயர்வதில்லை. தாயின் நிலம் மகளுக்காகக் காத்துக் கிடக்கும். தோட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே லயம் இருந்த இடத்திலேயே நின்றது, மனிதரே பெயர்ந்தனர்.

மறுவாரம் அவர் மண்வெட்டியை எடுத்தார். முதலில், இடுக்கி இருந்த அடிக்கட்டையைத் தோண்டினார். தோண்டியபின் தெரிந்தது, அது எத்துணைப் பெரும் பிழை என்பது. வேர்களின் உட்புறமெல்லாம் கறையான் கூடாகியிருந்தது. அங்கிருந்து மண்பாதை அமைத்து, அது அருகிலிருந்த தூண்வரை வந்துவிட்டது. இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் உத்திரத்தை எட்டியிருக்கும். ரப்பர்க் காட்டில் கட்டுவோர் யாவரும் அறிய வேண்டிய செய்தி இது. மரத்தை வெட்டிவிட்டால் காடு அழிந்ததாகாது. மண்ணுக்குள் கிடக்கும் வேர் மக்கும்வரை கறையானுக்கு விருந்து. அது மக்கியபின் மேலுள்ள தரை அமிழும். மருந்தூட்டாத ரப்பர்ப் பலகையையும் வண்டு துளைக்கும், பூஞ்சை பற்றும். போரான் உப்பு ஊட்டிப் பதப்படுத்தக் கற்ற பின்னரே, 1980களில் அம்மரம் மலேசிய மேசை நாற்காலி ஏற்றுமதிக்கு உரியதாயிற்று. அவர் பட்டறைக்குள் மட்டும் பதினொரு அடிக்கட்டைகளை வேரோடு எடுத்தார். குழிகளைச் செம்மண் சரளையால் நிரப்பி, படிப்படியாக நீர் தெளித்து இடித்துக் கெட்டியாக்கினார்.

பின்னர் தரை. அறுநூறு சதுர அடிப் பரப்பு, நான்கு அங்குலக் கனம். ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கல் என்னும் கணக்கில் ஏறத்தாழ முப்பத்தாறு மூட்டை சிமெண்டு வேண்டும். ஒரே நாளில் ஊற்றத் தனியொருவரால் இயலாது. ஒரே பாளமாக ஊற்றினால் உலரும்போது வெடிக்கவும் கூடும். ஆகையால் தரையைப் பத்தடிக்குப் பத்தடியாக ஆறு கட்டங்களாகப் பிரித்தார். கட்டத்துக்கு ஆறு மூட்டை. ஞாயிறுதோறும் ஒரு கட்டம். சதுரங்கப் பலகை போல் ஒன்று விட்டு ஒன்று. ஈரம் ஏறாதிருக்க அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பி.ஆர்.சி. கம்பிவலை. கழுவும் நீர் வெளியேறுமாறு முப்பது அடிக்கு மூன்று அங்குலம் வாசலை நோக்கிய சரிவு.

ஆறு ஞாயிறும் அவருடன் வேலை செய்தவர் மூவர். மூவரும் பழைய தோட்டத்தார். ஒருவர் பால்வெட்டியவர், ஒருவர் லாரி ஓட்டியவர், மற்றவர் உரிமம் ஆண்டுதோறும் முடியும் அந்த அண்டை வீட்டார். காலை ஏழு மணிக்கு மணலையும் சிமெண்டையும் உலர்வாகப் புரட்டத் தொடங்கினால், மட்டப்பலகை இழுத்து முடியப் பொழுது சாயும். மனைவியார் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வருவார். வார நாளெல்லாம் ஊற்றிய கட்டத்தின்மேல் நனைத்த சாக்கை விரித்து, காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். சிமெண்டு காய்வதால் வலுப்பெறுவதில்லை. ஈரத்தில் இருப்பதாலேயே வலுப்பெறுகின்றது. ஏழு நாள் ஈரம் காப்பது கட்டாயம். முழு வலு வர இருபத்தெட்டு நாளாகும். கூரையை முன்பே போட்டிருந்தது இங்கே நன்மையாக முடிந்தது. மழை அடித்துக் கெடுக்கவில்லை, வெயில் உறிஞ்சவில்லை.

நீர் தெளிக்கும் பொறுப்பை அவர் மனைவி தாமாகவே ஏற்றுக்கொண்டார். இரும்புக்கு வீடா என்று கேட்டவர், சிரம்பானிலிருந்து பஸ் ஏறி வந்து, அத்தரைக்குப் பிள்ளைக்குப் பாலூட்டுவது போல் நீரூட்டினார். ஆறாம் கட்டம் இறுகிய மாலையில் இருவரும் வாசற்படியில் அமர்ந்திருந்தனர். “இனிமே இதைத் தூக்கிக்கிட்டுப் போக முடியாதுங்க” என்றார் அவர். அது வருத்தமாகச் சொல்லப்பட்டதன்று.

தரை முடிந்ததும் மற்ற வேலைகள் தாமே நடந்தன. தளத்தில் போல்ட் இறக்கி வேலைமேசையை அசையாதவாறு பிணைத்தார். சாக்குப் படுதா இருந்த இடத்தில் இரட்டைக் கதவு வந்தது. இறவாரத்தின்கீழ் வடிகால் வெட்டினார். மின்கம்பி இழுக்கும் வேலை அவருக்குக் கைவந்த கலை. ஆயினும் பதிவு பெற்ற மின்கம்பியாளர் ஒப்பமிட்டால்தான் இணைப்புக் கிட்டும் என்பது விதி. பணம் கொடுத்து அவரை அழைத்து வந்தார். முதல் விளக்கு எரிந்த இரவில், அணைக்க மனமின்றி நெடுநேரம் அதன்கீழ் நின்றார். பத்து மணிக்கு அது தானாக அணையாது. அவர் அணைத்தால்தான் அணையும்.

அப்பட்டறையில்தான் அவர் வீட்டின் கதவுகளும் சன்னல்களும் பிறந்தன. அடுத்த இரண்டாண்டில் வீடு எழுந்தது. வீட்டின் அடித்தளத்தை அவர் முதலிலேயே ஊற்றிவிட்டார். அதற்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. வாசலுக்கு நேரே ஒரு மாங்கன்றும் நட்டார்.

பட்டறையின் முதல் ஆயுத பூசை நாளில் கருவிகளைத் துடைத்து வரிசையாக வைத்தபோது, அவர் ஒன்றைக் கவனித்தார். எல்லாம் அவர் விலைக்கு வாங்கியவை; பெயர்க்குறி எதிலும் இல்லை. சூட்டுக்கோலைப் பழுக்கக் காய்ச்சித் தம் பெயரின் முதலெழுத்தை ஒவ்வொரு பிடியிலும் இட நினைத்தார். பிறகு வேண்டாமென விட்டுவிட்டார். கருவிகளை எண்ணி வாங்க யாரும் இல்லாத இடத்தில் குறி எதற்கு?

தமிழ்ப்பள்ளி ஒன்றின் கால் ஒடிந்த பெஞ்சுகள் சில அப்பட்டறைக்கு வந்து, கூலியின்றிச் செப்பனாகித் திரும்பின. அவற்றைச் சுமந்து வந்த ஆசிரியரிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்று: “பள்ளிக்கூடம் நிற்கிற மண் யாருடையதுங்க, சார்?” ஆசிரியர் சற்றுத் தயங்கினார். தோட்டத்து மண்ணில் எழுந்த தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு நிலம் சொந்தமன்று. அதனாலேயே அவை அரசின் முழு உதவி பெறாமல் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக நெடுங்காலம் நின்றன. தோட்டம் விற்கப்பட்டபோது இடம்பெயர்ந்த பள்ளிகளும் உண்டு. மாணவர் குறைந்து மூடியவையும் உண்டு. ஒரு பிட்டர் தம் அரை ஏக்கரில் எதிர்கொண்ட வினாவும், ஒரு சமூகம் தன் பள்ளிகளின் வாசலில் எதிர்கொண்ட வினாவும் வேறுவேறல்ல.

உரிமை என்பது தாளில் வருவது ஒரு பாதி. கைக்கு வருவது மறுபாதி. தாளில் வருவதற்குச் சட்டமும் சங்கமும் போராட்டமும் வேண்டும். அவை எளிதில் கிட்டுவன அல்ல. கிட்டாதவர் பலர் இன்னும் உளர். தற்காலிக உரிமத்தில் வாழ்ந்த அந்த அண்டை வீட்டார், தமக்குத் தரை போட முடியாதென்று அறிந்தும், பிறர் தரைக்கு ஆறு ஞாயிறும் கல் சுமந்தார். அவரை நோக்கி, முடித்துக் கட்டு என்று அறிவுரை கூறுவது அறமாகாது. அவர் கழற்றக் கட்டியது அறிவுடைமையே. ஆனால், மண் தனதான பின்னும் கழற்றவே கட்டுவோமாயின், கடிதம் வாராமலே நாம் காலி செய்தவர் ஆகிறோம்.

பட்டறையின் சாவிகள் இரண்டு. ஒன்று அவர் இடுப்பில் இருந்தது. மற்றொன்று வீட்டு வாசற்காலில் அடித்த ஆணியில், யார் வேண்டுமாயினும் எடுக்கும்படி தொங்கிற்று.